நல்லெண்ணெய் குடித்த விசிறி

ஞாயிறு பூசை முடிந்து நேரே வருவதாக அக்கா பேர்ணடெற் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அன்ரனெற் அகஸ்ரினை விரும்பிக் கட்டிய நாள் தொட்டு மூன்று வருடமாக அக்கா அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. "ஒரு ஆணி அடிக்கத் தெரியாதவனைக் கட்டுறாய்" என்று சொன்னதுதான் நேரில் பேசிய கடைசிப் பேச்சு. இன்று முதன்முதலாகத் தங்கையின் பார்க்டேல் வீட்டுக்கு வருகிறாள். வந்தவள் முகம் கோணாமல் திரும்பவேண்டும், அவ்வளவுதான் அன்ரனெற்றின் வேண்டுதல்.

கூடத்தில் நின்ற காஸ் கணப்பு அடுப்போ மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. சூட்டை அறைக்குள் தள்ளும் அதன் விசிறி இரண்டு நாளாக முனகியது. இன்று காது கிழியக் கிறீச்சிட்டது. போதாக்குறைக்கு வீடெங்கும் தோசைக்கல் காய்ந்த மணம்.

"இஞ்சேருங்கோ, உதுக்கு என்ன செய்தனீங்கள்?"

அகஸ்ரின் தலையைச் சொறிந்தான். "சத்தம் போடுதெண்டு நேற்று கொஞ்சம் எண்ணெய் விட்டனான்."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய்."

"நாசமாப்போச்சு! சனிக்கிழமையெண்டு ஃபானையும் முழுக வாத்தனீங்களோ?"

"ஆரையும் கூப்பிடட்டோ?"

"ஞாயிற்றுக்கிழமை ஆர் வருவினம்? ரோர்ச் லைற்றைப் பிடியுங்கோ."

காஸை மூடி, அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, மின்வயரைக் கழற்றினாள். கீழ்மூடியின் நான்கு திருகாணிகளும் கையோடு வந்தன. அவள் வேலைசெய்த தையல் தொழிற்சாலையில் மெஷின் இறுகினால் மெக்கானிக் வரும்வரை எவரும் கைகட்டி இருப்பதில்லை. தாங்களே பிரித்துத் துடைப்பார்கள்.

விசிறிச் சில்லின் இதழ்களில் தூசியும் தலைமயிரும் எண்ணெயோடு சேர்ந்து களியாய் அப்பியிருந்தன. பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு இதழாகச் சுரண்டினாள். அச்சைத் துணியால் பளபளக்கத் துடைத்தாள். தளர்ந்திருந்த திருகாணி ஒன்றை இறுக்கினாள். பிறகு தையல் மெஷின் எண்ணெய், இரண்டே சொட்டு. சில்லைக் கையால் சுற்றிவிட்டாள். சத்தமில்லாமல் சுழன்று, தன்பாட்டில் நின்றது.

"அடேயப்பா!" என்றான் அகஸ்ரின், வாய் பிளந்து.

மூடியைப் பூட்டி, அடுப்பைப் பற்றவைத்துக் கை கழுவவும் கதவு தட்டப்பட்டது.

பனியில் விறைத்து வந்த பேர்ணடெற் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகில் அமர்ந்தாள். "நல்ல இதமாய் இருக்கு. சத்தமும் இல்லை. புதிசோ?"

"பழசுதான் அக்கா. இவர்தான் திருத்தினவர்" என்றாள் அன்ரனெற் அவசரமாக.

அக்காவின் புருவம் உயர்ந்தது. இனி அகஸ்ரின் ஓமென்று தலையாட்டினால் போதும்.

அவன் சிரித்துவிட்டான். "பொய் அக்கா! நல்லெண்ணெய் விட்டுப் பழுதாக்கினது நான். பிரிச்சுத் துடைச்சுப் பூட்டினது உங்கட தங்கச்சி. நீங்கள் நிண்டு பாத்திருக்கவேணும்!"

தானே ஏதோ பரிசு வென்றவன்போல அவன் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த பேர்ணடெற் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"எங்கட மனுசன் எங்கட வீட்டு ஃபானுக்குத் தேங்காயெண்ணெய் விட்டவர், தெரியுமோ? லொறி மாதிரிக் கத்துது. இண்டுவரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை." கோட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். "வாற ஞாயிறு ரெண்டுபேருமா வீட்டை வாங்கோ. நான் சமைச்சு வைக்கிறன்."

அன்ரனெற் புருஷனைப் பார்த்தாள். இப்படி ஒருவனையல்லவா கட்டியிருக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"ஓம் அக்கா, வாறம்" என்றாள்.