அரை மீசையில் ஒரு சமரசம்

அந்தச் சலூனில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. பிழைதிருத்துபவர் அங்கே போவதே அதற்காகத்தான். நாள் முழுவதும் அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, வாய் திறக்காத முடிதிருத்துபவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அச்சகத்தில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. இங்கே அண்ணன் தலையைக் கவனிப்பார், தம்பி முகத்தைக் கவனிப்பார். கத்தரி பேசும், அவ்வளவுதான். இந்தச் சொர்க்கம் எந்தப் பகையின் மேல் கட்டப்பட்டது என்று அவர் விசாரித்ததே இல்லை.

அன்று தம்பி வலப்பக்க மீசையைக் குறைத்து முடித்த நேரம், வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. தம்பி கத்தரியைக் கீழே வைத்தார்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. இது என் நாற்காலி. அடுத்த தெருவுல தனிக்கடை போடுறேன்."

பிழைதிருத்துபவர் கண்ணாடியைப் பார்த்தார். இடப்பக்கம் புதர், வலப்பக்கம் புல்தரை.

"மீசை?" என்றார்.

"அங்க வாங்க, முடிச்சு விடுறேன்."

அண்ணன் சீப்பை வீசி எறிந்தார். "சார், அவன்கிட்ட சொல்லுங்க. நாற்காலி போயிட்டா வர்றவங்க நின்னுக்கிட்டா முடிவெட்டிப்பாங்க? அறிவுகெட்ட ஜென்மம்!"

இருவருக்கும் நடுவே ஒரு முழத் தூரம். ஆனாலும் நேராக வந்த சொல் செல்லாது, ஆள் மூலமாகத்தான் வர வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். பிழைதிருத்துபவர் பழக்கதோஷத்தில் வேண்டாத சொற்களை வெட்டினார்.

"நாற்காலி இல்லாட்டி அண்ணனுக்குக் கஷ்டமாம்."

"கஷ்டமாமா?" தம்பியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கடை நிறைய ஆள் இருக்கும்போது, 'ஆட்டுக்கு ரோமம் வெட்டத்தான்டா நீ லாயக்கு'ன்னாரே, அப்ப எனக்குக் கஷ்டமா இருக்காதா? அந்த மண்டைக்கனம் புடிச்சவர்கிட்ட கேளுங்க."

"அன்னிக்குச் சொன்னது தம்பிக்கு வலிச்சிருக்கு" என்றார் பிழைதிருத்துபவர். மண்டைக்கனமும் போயிற்று.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்தால் அரை மீசையோடு தெருவில் நடக்க வேண்டும். சமாதானம் செய்துவைத்தால் இந்த அமைதி இன்றோடு சரி. அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு வேண்டியது நாற்காலியா?" என்று தம்பியைக் கேட்டார்.

தம்பி கத்தரியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். வேறு யாராவது என்றால் அந்த இடைவெளியில் நாலு புத்திமதியைத் திணித்திருப்பார்கள். அவருக்குக் காத்திருக்கத்தான் தெரியும். காத்திருந்தார். கன்னத்தில் நுரை காய்ந்தது. வண்டிக்காரர் ஒருமுறை இருமினார்.

"வெறும் நாற்காலிய வெச்சு நான் என்ன சார் பண்ணப்போறேன்?" என்றார் தம்பி தரையைப் பார்த்து. "கண்ணாடிகூட இல்ல."

அண்ணன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குள் இருவர் கண்களும் சந்தித்தன.

"தப்புதான்டா. அன்னிக்கு முடிவெட்ட வந்தவன் என்னை விட்டுட்டு உன்கிட்டதான் வெட்டிக்குவேன்னான். வயித்தெரிச்சல். வாய் தவறிப்போச்சு."

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லண்ணே!"

அவ்வளவுதான், மடை உடைந்தது. தம்பி மகளின் பள்ளிக்கூடம், அண்ணியின் முட்டிவலி, வீட்டுக்காரரின் அழிச்சாட்டியம் எல்லாம் பிழைதிருத்துபவரின் தலைக்கு மேலே பறந்தன. வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

"மீசை..." என்று நினைவூட்டினார் பிழைதிருத்துபவர்.

தம்பி பேசிக்கொண்டே இடப்பக்கத்தைக் குறைத்தார். அது கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. "தள்ளுடா" என்று அண்ணன் பேசிக்கொண்டே வலப்பக்கத்தைச் சரிசெய்தார். ரெண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் அபாரமான ஒற்றுமை. கடைசியில் மேலுதடு குழந்தையின் உதடு போல இருந்தது.

அவர் வாசல்படி இறங்கும்போது அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

"சார், நீங்க மட்டும் இல்லேன்னா..." அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே வாராவாரம் வாங்க. உக்காந்து பேசிக்கிட்டு இருக்கலாம்!"