முப்பத்தைந்து காலிக் கட்டங்கள்

1

இந்தக் கதை ஒரு மெமோவிலிருந்து வந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. வெள்ளிக்கிழமை வந்து அந்தக் காகிதத்தை என் மேஜைமேல் போட்டாள்.

"நீதான் பெரிய எழுத்தாளராச்சே. இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடு. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள குடுக்கணுமாம். இல்லன்னா சஸ்பெண்ட்."

பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அது கதையாகிவிட்டது.

மெமோ கேட்பது இதுதான்: பதினேழாம் தேதி அதிகாலை நான்கு மணிக்கு, முப்பத்தாறு படுக்கை கொண்ட வார்டில், முப்பத்தைந்து நோயாளிகளின் சார்ட்டில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எழுதும் கட்டம் காலியாக உள்ளது. உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

2

என் முதல் தொடக்கம்: "வெள்ளுடைத் தேவதையாய் இருளில் மிதந்து வந்த அவள்..."

(அடித்தாயிற்று. யூனிபார்ம் நீல நிறம். வீங்கின காலை ரப்பர் செருப்பில் திணித்துக்கொண்டு யாரும் மிதக்க முடியாது.)

இரண்டாவது: "ஜன்னல் வழியே நிலா எட்டிப் பார்க்க, நான்கு மணிக்கு அவள்..."

இங்கே நிறுத்தினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்டுல ஜன்னலே கிடையாதுடி."

"அப்போ நாலு மணிக்கு என்னதான் நடந்துச்சு?"

"பதினொண்ணாம் பெட்டுக்கு மூச்சு முட்டுச்சு. மூணு மணிக்கு ஆரம்பிச்சது, அஞ்சேகால் வரைக்கும் விடல. கூட இருந்த நர்ஸ ரெண்டு மணிக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் வந்தார், மருந்து எழுதினார், அடுத்த வார்டுக்கு ஓடினார். அந்தப் பெரியவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கப் பிச்சுப் பிச்சு எறியறார். நான் கையாலயே அழுத்திப் பிடிச்சிட்டு நின்னேன். மத்த முப்பத்தஞ்சு பேர எங்கடி போய்ப் பாக்குறது?"

"அவர் செத்துட்டாரா?" பேனா என் கையில் தயாராக இருந்தது.

"ஒருத்தரக் கொன்னாத்தான் உன் கதை நகருமா? காலைல டீ ஆறிப் போச்சுன்னு என்கிட்டயே சண்டை போட்டாரு மனுஷன்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

3

இப்போது ஒரு சந்தேகம். இந்தக் கதாபாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா? மற்ற நர்ஸுகள் எல்லோரும் ஆறு மணிக்கு உட்கார்ந்து விட்டுப்போன கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்களாம். காய்ச்சல் இல்லை, நாடி எண்பது, அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. காகிதத்தில் வார்டே ஓட்டப் பந்தயத்துக்குக் கிளம்பும் ஆரோக்கியத்தோடு இருக்கும்.

இவளும் அரிச்சந்திரன் வம்சம் இல்லை. வீட்டில் வாய் கூசாமல் பொய் சொல்வாள். காலை எட்டரைக்குக் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு படுப்பாள். ஒன்பதுக்குப் பக்கத்து வீட்டம்மா பிரஷர் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு வருவார். பத்துக்குக் கேஸ் சிலிண்டர். பதினொன்றுக்கு நாத்தனாரின் போன். "தூங்கிட்டு இருந்தியா?" என்று கேட்டால், "இல்ல, முழிச்சிட்டுதான் இருந்தேன்" என்பாள். சாயங்காலம் அத்தான் வந்து, "பகல் பூரா வீட்லதானே இருந்த, துணிய மடிச்சு வைக்கக் கூடாதா?" என்பார்.*

*அத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குவார். அப்போது அந்த வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது.

வீட்டில் இத்தனை வளைந்துகொடுப்பவள் அந்த ஒரு தாளில் மட்டும் ஏன் அடம் பிடித்தாள்? மேட்ரன் தனியாகக் கூப்பிட்டு, சார்ட்டையும் நீலப் பேனாவையும் நீட்டியிருக்கிறார்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. எழுதிடும்மா. மெமோவை நானே கிழிச்சுப் போடறேன்."

அக்கா பேனாவை வாங்கவில்லை.

"ஏன்க்கா? எழுதி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாதே."

அவள் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது ஆள் ராத்திரி முழுக்க வேணும்னு வருஷக்கணக்கா கேக்கறோம். போனவாட்டி ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ரெக்கார்டப் பாருங்க, ஒரு நர்ஸே முப்பத்தாறு பேரையும் நேரம் தவறாமப் பாக்குறாங்களேன்னாங்க. நாங்க எழுதின பொய்ய எங்க மூஞ்சிலயே விட்டெறிஞ்சாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். பாத்தா எழுதுவேன். பாக்கலன்னா எழுத மாட்டேன்."

அந்த வார்டுக்குள் ஒரு ராத்திரிகூட நிற்காதவர்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்து காலிக் கட்டங்களை எண்ணியிருக்கிறார்கள். இரண்டாவது நர்ஸின் காலி நாற்காலியை எண்ணுவதற்கு அங்கே யாருக்கும் விரல் இல்லை.

4

முடிவுகள்.

(அ) அவள் எழுதிவிடுகிறாள். வேலை தப்பிக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு வார்டிலிருந்தும் ஒரு நர்ஸைக் குறைக்கிறார்கள், ரெக்கார்டு பிரமாதமாக இருப்பதால்.

(ஆ) விசாரணையில் அவள் முழங்குகிறாள், அதிகாரிகள் தலைகுனிகிறார்கள், பதினொன்றாம் பெட் பெரியவர் தடியூன்றி வந்து சாட்சி... (வேண்டாம். இது நிலாவைவிட மோசம். அந்தப் பெரியவர் ஆறின டீயைப் பற்றித்தான் சாட்சி சொல்வார்.)

(இ) நான் எழுதிக்கொடுத்த நான்கு பக்கப் பதில். அதில் "பணிச்சுமை", "தவிர்க்க இயலாத சூழல்", "இனி நிகழாது" எல்லாம் இருந்தன. அக்கா கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இனி நிகழாதுன்னு யாரக் கேட்டு எழுதின?"

நான்கு பக்கத்தையும் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அவளே ஒரு தாளில் எழுதினாள்: "நான்கு மணிக்கு நான் அவர்களைப் பார்க்கவில்லை. அதனால் எழுதவில்லை. வார்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்." கையெழுத்துப் போட்டு என் மேஜைமேலேயே வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள். திங்கள் காலையில் நேரே இங்கே வந்து எடுத்துக்கொள்வாளாம்.

5

இதை ஞாயிறு இரவு எழுதுகிறேன். சற்று முன்பு அவளிடமிருந்து ஒரு செய்தி: "கூட இருந்தவள இன்னைக்கும் எமர்ஜென்சிக்கு அனுப்பிட்டாங்க."

நாளை பத்து மணிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் நானும் அந்த நீலப் பேனாவை வாங்கிக்கொண்டவளாவேன். எனவே முடிவை உங்களிடம் தருகிறேன். அதற்கு முன் நாளை அதிகாலையின் சார்ட் ஒன்றைக் கீழே வைத்திருக்கிறேன். முப்பத்தாறு படுக்கையில் ஏதோ ஒன்றில் படுத்திருப்பது உங்கள் அப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கை துறுதுறுத்தால் நிரப்புங்கள். பக்கத்தில் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

காலை 4 மணி: ______________