ட்ரொலி நின்ற இடம்

தோட்டைக் கழற்ற மாட்டேன் என்று சுப்பம்மா பிடிவாதம் பிடித்தாள்.

“வயித்தத்தானே அறுக்கப் போறாங்க? காதையுமா?”

மருமகள் சுதர்ஷினி சவர்க்காரம் தடவித் தோடுகளை மெல்லக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

பித்தப்பையில் கல். வலி வந்தால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் மாமியார் வாயைத் திறக்க மாட்டாள். கடைசியில், “நீ அந்த ஒப்பரேசன் தியேட்டர் கதவு வரைக்கும் கூட வர்றதுன்னா வர்றேன்” என்றாள். சுதர்ஷினி சரியென்றுவிட்டாள்.

போன வருஷம் அவள் புருஷன் சுரேந்திரனையும் அந்தக் கதவு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். குடலிறக்கத்துக்குச் சின்ன ஒப்பரேசன். முன்பொரு தரம் காலில் வெட்டுக்காயம் பட்டபோது, தோட்டத்து டிஸ்பென்சரியில் போட்ட ஊசியால் அவனுக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியிருந்தது. வார்டில் சேர்த்த அன்றே அவள் அதைச் சொன்னாள். குறித்துக்கொண்டார்கள். தியேட்டருக்குப் போகும்போதும் கேட்டார்கள்தான். ஆனால் அவனைப் படுக்கவைத்த ட்ரொலி ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நடந்த நர்ஸ் தாளைப் பார்த்தபடி, ஒத்துக்கொள்ளாத மருந்து ஒன்றுமில்லையே என்று சிங்களத்தில் கேட்டார். கேட்கும்போதே பேனா சரி போட்டுவிட்டது. சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்கள் அப்படி அவசரமாகக் கேட்டால், அவர்கள் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம்.

“நே, மிஸ்,” இல்லை என்றுவிட்டான்.

அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுதர்ஷினி கூப்பிட்டாள். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. கத்தி படுவதற்கு முன்பே, புண் பழுக்காமலிருக்கப் போட்ட அதே ஊசியிலேயே அவன் போய்விட்டான். உள்ளே இருந்த ஒவ்வொருவரும் மற்றவர் கேட்டிருப்பார் என்று நினைத்தாராம்.

இன்று ட்ரொலி உருளத் தொடங்கியதும் சுதர்ஷினி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நிற்காமல் போனால் விடுவதில்லை, இழுத்துக்கொண்டு போனாலும் சரி.

கதவுக்கு முன்னால் அது தானாகவே நின்றது.

சத்திர சிகிச்சை செய்யும் டொக்டரும் மயக்க மருந்து டொக்டரும் வெளியே வந்து நின்றார்கள். நர்ஸ் பஹ்மா குனிந்து, “அம்மா, ஒங்கட பேரச் சொல்லுங்க” என்றாள்.

“கார்டுல இருக்கே தாயி.”

“இருக்கு. நீங்க சொல்லணும். எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறோம்.”

“சுப்பம்மா.”

“என்ன ஒப்பரேசன்?”

“கல்லு எடுக்க. மாணிக்கமா இருந்தா பாதி எனக்கு.”

பஹ்மா அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர்கள் சிரித்தார்கள். சுதர்ஷினி சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி எது என்று அவளுக்குத் தெரியும்.

“ஊசி, மருந்து ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா?”

பஹ்மாவின் பேனா அசையவில்லை. யாரும் நடக்கவில்லை.

சுப்பம்மா கூரையைப் பார்த்தாள். “எனக்கில்ல தாயி. எம் மகனுக்குத்தான். சுரேந்திரன்னு பேரு.”

மொழிபெயர்க்க வாயெடுத்த பஹ்மா நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மயக்க மருந்து டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அதுக்குப் பிறகுதாம்மா நாங்க இப்பிடி நின்டு கேக்குறது” என்றாள் பஹ்மா தாழ்ந்த குரலில். பிறகு சுதர்ஷினியைப் பார்த்து, “நீங்களும் சொல்லுங்க. அம்மாவுக்கு அப்பிடி ஒண்டுமில்லையா?”

“இல்ல மிஸ்.”

அப்போதுதான் பேனா சரி போட்டது.

சுதர்ஷினி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். இவ்வளவுதானா? ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையே. கதவு சாத்திய பிறகும் அதையே நினைத்துக்கொண்டு, மாமியாரின் செருப்போடு அங்கேயே நின்றாள்.

பின்னேரம் வார்டில் சுப்பம்மா கண் விழித்தாள்.

“கல்லு எங்கடி?”

“டொக்டர் வச்சிருக்காரு அத்தை.”

“பாத்தியா, மாணிக்கந்தான் போல. சரி, தோட்டப் போட்டு விடு.”

சுதர்ஷினி கைக்குட்டையை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதே உடைந்து அழுதாள்.

“நாந்தான் வந்துட்டேன்ல, பெறகு என்னத்துக்கு அழுவுற?” என்றாள் சுப்பம்மா. சொன்னவளின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது. ஈரத்தில் தோடு வழுக்கிக்கொண்டே இருந்தது.