அத்தானின் பெருந்தன்மை

மருந்துக்கடைக்காரி நாற்பது வயதுக்கு மேல் டென்னிஸ் ராக்கெட்டைக் கையில் பிடித்தபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஒரு மாதம் ஆடுவாள், பிறகு அதுவும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ச் சேரும் என்று கணவர் நிம்மதியாக இருந்தார். சேரவில்லை. பகலெல்லாம் கடையில் நின்று டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துவிட்டு, மாலையில் மைதானத்துச் சுவரோடு மல்லுக்கட்டினாள். சுவர் ஒருநாளும் தோற்கவில்லை. போட்டிகளிலும் அதே கதைதான். பெயர் கொடுப்பாள், முதல் சுற்றில் தோற்பாள், முகத்தைக் கழுவிக்கொண்டு கடை திறக்கப் போவாள். கோப்பைக் கனவெல்லாம் அவளுக்கு இல்லை. ஒரே ஒரு ஆட்டத்தை ஒழுங்காக ஆடி, ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வருடம் கிளப்பில் புதியவர்களுக்கென்று கலப்பு இரட்டையர் போட்டி வைத்தார்கள். ஜோடிக்கு ஓர் ஆண் வேண்டும். கணவரைக் கேட்டாள். ஓடி ஆடுகிற சமாச்சாரம் எதுவும் தன் உடம்புக்கு ஆகாது என்றார், சோபாவிலிருந்து எழாமலே. மிச்சம் இருந்தது அக்காவின் கணவர்.

அத்தான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவின் தலைவர். தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுப்பவர். அந்த வகுப்பு அலுவலகத்தோடு முடிவதில்லை, சாப்பாட்டு மேசை வரை வரும். டென்னிஸ் ஆட ஆரம்பித்ததும் அவர் முதலில் வாங்கியது ஷூ அல்ல, நெற்றிப்பட்டை. அடுத்து மணிக்கட்டுகளுக்குப் பட்டை, பிறகு ஆறு ராக்கெட் கொள்ளும் பை, அதற்குள் ஆறு ராக்கெட். ஆடுவது ஒன்றில்தான், மற்ற ஐந்தும் காற்று வாங்க வரும். பந்து அவரைத் தாண்டிப் போனால் அதைப் பார்த்து மெல்லத் தலையசைப்பார், தான் அனுமதித்துத்தான் போனது போல.

பயிற்சியின்போது இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆட்டத்தன்றுதான் அவருடைய பெருந்தன்மை வெளியே வந்தது.

இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளில் நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஜோடியில் ஒருவர் உள்ளே என்றும் மற்றவர் வெளியே என்றும் சொன்னால், பந்து உள்ளே விழுந்ததாகத்தான் கணக்கு. பாயிண்ட் எதிரிக்குப் போய்விடும்.

எதிரில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் அடித்த முதல் பந்து கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவள் ‘அவுட்’ என்று வாயைத் திறப்பதற்குள் அத்தான் நெஞ்சில் கைவைத்து, பந்து உள்ளே என்று அறிவித்து, அருமையான அடி என்று டாக்டரைப் பாராட்டவும் செய்தார். ஓரத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் காதில் விழுந்த பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. நேராக வேலியில் போய் மோதிய பந்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு உள்ளேதான். டாக்டரே கூச்சப்பட்டு, அது வெளியே போனது போலத் தெரிந்ததே என்றார். அத்தான் அவருடைய அடக்கத்தையும் பாராட்டினார்.

பக்கம் மாறும் இடைவேளையில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அத்தான், அது ஒரு சாண் வெளிய.”

“இன்னைக்கு யாரு வேணாலும் ஜெயிக்கட்டும்மா. மனசு பெருசா இருக்கணும்.”

“உங்க மனசு பெருசாகறதுக்கு என் பாயிண்டுதான் கெடைச்சுதா?”

இதற்குப் பெயர்தான் ‘நான்’ என்னும் அகந்தை, இதைப் பற்றியே தான் அரைநாள் வகுப்பு எடுப்பதாக அவர் தண்ணீர் குடித்தபடி விளக்கினார்.

யாருக்கு எந்த மாத்திரை கேட்கும் என்பது மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா? ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்து, மெல்லச் சொன்னாள்.

“பெஞ்சுல பேசிக்கறாங்க அத்தான். உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சாம். பாவம், கோடே தெரியல போலன்னு.”

பெஞ்சில் யாரும் அப்படிப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அத்தானுக்குக் கழுகுக் கண் முளைத்துவிட்டது. வெளியே விழுந்ததையெல்லாம் விரலை உயர்த்தி, அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி வெளியே என்றார். தானம் நின்றதும் ஆட்டம் ஆட்டமானது. சுவரிடம் கற்ற பாடம் அவளுக்குக் கைகொடுத்தது, பந்து எத்தனை முறை வந்தாலும் சலிக்காமல் திருப்பி அனுப்பினாள். எட்டிப் பிடித்தார்கள், முந்தினார்கள். கடைசியில் வெற்றிக்கு ஒரே ஒரு பாயிண்ட் இருந்தது. சர்வீஸ் அவளுடையது.

டாக்டர் திருப்பி அடித்த பந்து பக்கக் கோட்டின் மேல் விழுந்து எகிறியது. சுண்ணாம்பு லேசாகப் புகைந்தது.

“அவுட்! ஆட்டம் முடிஞ்சுது!” என்று கத்திக்கொண்டே அத்தான் கைகுலுக்க வலையை நோக்கி நடந்தார். டாக்டரின் மனைவி தரையைப் பார்த்தாள். டாக்டர் ராக்கெட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

போய்க் கைகொடுத்தால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை. அவள் பந்தை எடுத்தாள். அதில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் முட்டி தேய ஓடியது இதற்காகவா? இப்படி ஜெயித்தால் ராத்திரி தன்னிடமே இதை வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாதே.

“கோட்டுல விழுந்துச்சு. உள்ளதான்,” என்றாள்.

பெஞ்சில் ஒருவரும் கைதட்டவில்லை. நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

பாயிண்ட் எதிர்ப்பக்கம் போய்ச் சமநிலை ஆனது. இனி அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் எடுக்க வேண்டும். அத்தான் முகம் சிவந்து திரும்பி வந்தார்.

“கைக்கு எட்டுனதை விட்டுட்டியே. போட்டின்னா ஒரு வெறி வேணாமா?”

“சர்வீஸ் போடணும். நகருங்க அத்தான்.”

நகர்ந்தார். வலைக்குப் பக்கத்தில், ராக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாடகை பாக்கிக்கு வந்தவர் மாதிரி உம்மென்று நின்றார். டாக்டரின் மனைவி அடித்த பந்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. தொடவில்லை. அவர் அடிப்பார் என்று எதிர்ப்பக்கம் இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஓடிவந்தவள் காலியான மூலையில் பந்தைப் போட்டாள். அடுத்த சர்வீஸை டாக்டர் வலையில் அடித்தார்.

ஜெயித்துவிட்டாள். கைகுலுக்கும்போது டாக்டரின் மனைவி அவள் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

வீடு திரும்பும்போது, காரிலேயே அத்தானுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. தலைவன் என்பவன் சரியான தருணத்தில் ஒதுங்கி நிற்கத் தெரிந்தவன், கடைசி இரண்டு பாயிண்டும் அந்த உத்தியால்தான் வந்தன என்றார். அடுத்த சுற்று ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இன்னும் சில உத்திகள் தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார்.

அத்தான் அவளை வாசலில் இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த தன் வீட்டுக்குக் கிளம்பியதும், ஷூவைக்கூடக் கழற்றாமல் அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில அத்தானோட ஒரு சண்டை போட்டு அனுப்பி வைக்கிறியா? அவரு உம்முனு இருந்தாத்தான் என்னால ஆட முடியும்.”

“அதுக்கு ஏண்டி ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்?” என்றாள் அக்கா. “இதோ, கார் சத்தம் கேக்குது. நீ போனை வை.”