வழிகாட்டித் திரையில் அடுப்பு

என் மனைவிக்கு அடுப்பு நினைவுக்கு வருவது மேம்பாலத்தின் இறக்கத்தில். கல்யாணமாகிப் பதினோரு வருடம். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அந்த இறக்கம் வரை நிம்மதியாக வருவாள். பாதி இறங்கியதும் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாள். நான் இண்டிகேட்டரைப் போட்டுவிடுவேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே வண்டி வீட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கும். ஒரு தடவைகூட அது எரிந்ததில்லை.

இதை மறதி என்று நான் நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்திருக்கிறேன். குமிழைத் திருப்பும்போது கை எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நேற்றுத் திருப்பியதும் இன்று திருப்பியதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நான் பார்த்தேனா என்று அவள் கேட்டால் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதவன் வண்டியைத் திருப்பத்தான் வேண்டும்.

வேறு வழிகளும் பார்த்தோம். கிளம்பும் முன் அடுப்பைப் போட்டோ எடுத்தேன். எடுத்த பிறகு யார் கையாவது பட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு முறை சிலிண்டரையே கழற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கேஸ் நாற்றம் அடிக்கிறது என்றாள். அன்று மேம்பாலம் வரைகூடப் போகவில்லை.

இப்படியே அவளுடைய அண்ணனின் கல்யாணத்துக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு போய்ச் சேர்ந்தோம். அவருக்கு ஆபரேஷன் நடந்தபோது, அவர் வீடு திரும்பிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் கப்பலில் இன்ஜின் மெக்கானிக். போன மாதம் போனில் கூப்பிட்டு, இருபதாம் தேதி நாலு மணிக்குத் துறைமுக கேட்டுக்குள் போய்விட்டால் திரும்பி வர இரண்டு வருடம் ஆகும் என்றார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கிவிடும்.

"இந்தத் தடவையும் அடுப்புதான் முக்கியம்னா, அதையே அண்ணன்னு கூப்பிட்டுக்கோ."

அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு சின்னக் கேமராவை வாங்கி வந்து அடுப்புக்கு எதிரே அலமாரியின் மேல் மாட்டினேன். படம் போனில் வந்தது. ஆனால் ஓடுகிற வண்டியில் குனிந்து போனைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிடும். நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு திரை வேண்டும். வண்டியிலேயே ஒன்று இருந்தது. ஆனால் அது வழி சொல்லும் மேப்பைத் தவிர எதையும் காட்டாது.

வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவரை எல்லோரும் ஃப்யூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கடையில் சுவர் தெரியாத அளவுக்கு ஒயர் தொங்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். வண்டிக்குப் பின்னால் கேமரா கேட்பார்கள், பிள்ளைகளுக்குப் படம் ஓட வேண்டும் என்பார்கள், அடுப்பு கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்றார். ஒற்றை அடுப்பா இரட்டை அடுப்பா என்றும் விசாரித்துக்கொண்டார். அதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

டேஷ்போர்டின் முகப்பை நெம்பி எடுத்துத் திரையை வெளியே இழுத்தார். அதன் முதுகுக்குப் போகிற கேபிளுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்தார். பெட்டியிலிருந்து வரும் ஒயரில் என் பழைய போனை மாட்டினால், அதில் தெரிவதெல்லாம் திரையிலும் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் மேப், இன்னொரு முறை அழுத்தினால் அடுப்பு. ஒரே ஒரு சிக்கல். வண்டி நின்றுகொண்டிருந்தால்தான் அந்தத் திரை வெளியிலிருந்து வரும் படத்தைக் காட்டும். நகர்ந்தால் கறுத்துவிடும்.

"ஹேண்ட் பிரேக் ஒயர எர்த் பண்ணிட்டு, வேகம் சொல்ற ஒயர வெட்டிட்டாப் போதும் சார். நிக்கிறோம்னு அது நெனச்சுக்கும்."

"ஓடும்போதுமா?"

"நூறுல போனாலும் நிக்கிறோம்னுதான் நெனைக்கும். அது பாவம், சொன்னா நம்பிடும்."

வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பதினோரு வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் எதையும் இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை.

இருபதாம் தேதி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். மூன்றரை மணி நேர வழி. திரையில் எங்கள் அடுப்பு தெரிந்தது. இரண்டு பர்னர், இரண்டு குமிழ், பக்கத்தில் மடித்துப் போட்ட துணி. மேம்பாலத்தின் இறக்கம் வந்தது. என் கை பழக்கத்தில் இண்டிகேட்டருக்குப் போனது. அவள் கைப்பையைத் தொடவில்லை. முதல் தடவையாக ஒரே மூச்சில் அந்தப் பாலத்தைத் தாண்டினோம்.

அதன் பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை. சில மௌனங்களில் யாராவது ஒருவர் எதற்காகவோ காத்திருப்பார். இதில் யாரும் காத்திருக்கவில்லை. ஒரு அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். இதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று தோன்றியது.

இரண்டரை மணிக்குத் திரையில் ஒரு கை வந்தது.

பக்கத்து வீட்டு அக்காவின் கை. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கும். கேமரா போதாதென்று, எதற்கும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்று என் மனைவி அவரிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. குனிந்து பார்த்தார். அது போதாமல், குமிழ்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று இரண்டையும் பற்றவைத்துப் பார்த்தார். பற்றவைத்த நெருப்பை வீணாக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. டீ போட்டார்.

"நம்ம சர்க்கரை. மூணு ஸ்பூன் போடறாங்க," என்றாள் மனைவி. "தனக்கு சுகர் இருக்குன்னு எங்கிட்ட சொன்னாங்க."

குடித்து முடித்துப் பாத்திரத்தை மறுபடி பர்னர் மேல் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். முதுகு நின்ற நேரத்தில் கை என்ன செய்தது என்று தெரியவில்லை. நெருப்பைப் பாத்திரம் மறைத்தது. பக்கத்தில் இருந்த துணி இப்போது குமிழ்களின் மேல் கிடந்தது.

மனைவி அவருக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு, திரையில், எங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு போன் வெளிச்சம் போட்டு நடுங்கியது. படம் அரை நிமிடம் தாமதமாக வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபடி செய்தாள். மறுபடி நடுங்கியது. மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவர் வெளியூரில் இருந்தார். எதிர்வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

நான் இண்டிகேட்டரைப் போட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நேராப் போங்க. போன எடுக்க வருவாங்க. வந்தா அடுப்பப் பாப்பாங்க."

"வரலேன்னா?"

"அண்ணன் வர ரெண்டு வருஷம் ஆகும்."

போனேன். பெண்ணைப் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று சொல்வதுண்டு. எங்கள் நெருப்பு நூற்றைம்பது கிலோமீட்டர் பின்னால், மூடி போட்ட பாத்திரத்துக்குக் கீழே இருந்தது, அல்லது இல்லை.

துறைமுகத்துக்கு முன்னால் சாலை மூன்றாகப் பிரிந்தது. பலகை எதுவும் இல்லை. மேப் வேண்டுமானால் அடுப்பை விட வேண்டும். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். நிற்கிறோம் என்று நம்பிய மேப்பில் எங்கள் வண்டி இன்னும் ஃப்யூஸின் கடை வாசலில் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி அடுப்பைக் கொண்டுவந்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஓரமாக டயருக்குப் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்தவரிடம் வழி கேட்டாள். நடுச் சாலை என்றார். திரையைப் பார்த்துவிட்டு, எரிகிறதா என்று கேட்டார். அதுதான் தெரியவில்லை என்றாள். அவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு நிதானமாகப் பார்த்து, எரிகிற மாதிரிதான் இருக்கிறது என்று தன் கருத்தைச் சொன்னார்.

மூன்றே முக்காலுக்குக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சான் ஒரு பையோடு தனியாக நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பப் போனவர், திருப்பாமல் வண்டியருகே வந்தார்.

"என்ன மாப்ளே, வீடு எரிஞ்சு போச்சா? நேரத்துக்கு வந்துட்டீங்க."

"இன்னும் தெரியல மச்சான்," என்றேன்.

அவர் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மனைவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணனிடம் பேசவென்று அவள் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. அவர் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டி, இன்ஜினைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்தார். உள்ளே தண்ணீர் கொதித்தால் மூடி ஆட வேண்டும், ஆடவில்லை, ஆனால் தண்ணீரே இல்லாவிட்டால் ஆடாது என்றார். மூன்று பேரும் மூடியைப் பார்த்தோம். நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது கேட்டில் சங்கு ஊதியது. அவர் அசையவில்லை.

"அண்ணா, மூடிடுவாங்க."

"இரு. அந்தம்மா வரட்டும்."

"கப்பல் போயிடும்ணா. வேலை போயிடும்."

"எப்படிப் போறது? ரெண்டு வருஷம் நடுக்கடல்ல உக்காந்து இதையே நெனச்சுக்கிட்டு இருக்கவா?"

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். என் மனைவியின் முகம், மீசையோடு. காவல்காரர் கேட்டின் ஒரு கதவைத் தள்ளத் தொடங்கியிருந்தார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து முழுதாகப் பின்பக்கம் திரும்பினாள்.

"அணைஞ்சிருக்குண்ணா. நான் பாத்தேன்."

"எப்போ?"

"அவங்க முதுகு திரும்பினப்போ. கை குமிழுக்குப் போச்சு. நல்லாவே பாத்தேன். நீ போ."

அவர் அவளையே பார்த்தார். அவள் கண் சிமிட்டவில்லை. அவர் மூச்சை விட்டு, அவள் தலையில் ஒரு தடவை கையை வைத்து அழுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினார். மிச்சமிருந்த இடைவெளியில் உடம்பை ஒருக்களித்து நுழைந்தார். உள்ளேயிருந்து கை காட்டினார். அவளும் இறங்கி நின்று, அவர் மறைகிறவரை சிரித்துக்கொண்டே கை காட்டினாள்.

பிறகு ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"திருப்புங்க. சீக்கிரம்."

"அணைஞ்சிருக்குன்னு சொன்னியே?"

"அது அண்ணனுக்குச் சொன்னது."