பின்னால் திறக்கும் நைட்டிகள்

அம்மா இறந்த மூன்றாம் வாரம் தம்பி வந்து, அவளுடைய சாமான்களை இரண்டு பெரிய பைகளில் அள்ளிக்கொண்டு போனான். "ஞாபகத்துக்குக்கா" என்றான். படுத்த படுக்கையாக அவள் கிடந்த ஆறு வருடத்தில் நாலு தடவை எட்டிப் பார்த்தவன்தான். இருந்தாலும் அக்கா தடுக்கவில்லை.

மறு வருடம் அவனுடைய முதல் தனிக் கலைக் கண்காட்சி என்று அழைப்பு வந்தது. அக்கா தையல் கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளைச் சுவர்கள். வாசலில் காலி மாத்திரை அட்டைகளைக் கோத்து ஒரு திரை. ஜன்னலில் அம்மாவின் எக்ஸ்ரேக்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நடுக்கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏழு நைட்டிகள். பசை போட்டு விறைக்க வைத்து, முதுகைக் காட்டியபடி நைலான் கயிற்றில் தொங்கவிட்டிருந்தான். கையைத் தூக்க முடியாதவளுக்கென்று பின்னால் திறக்கும்படி அக்கா வெட்டியவை. படுக்கைப் புண்ணில் குத்தக் கூடாதென்று பட்டனுக்குப் பதில் நாடா வைத்துத் தைத்தவை. எத்தனை துவைத்தும் போகாத மஞ்சள் கறை மேலெல்லாம் விளக்கு. மகள் துணி மாற்றும்போதுகூட "கதவச் சாத்துடி" என்பாள் அம்மா.

பக்கத்தில் ஓர் அட்டை: 'தாயின் உடலோடு ஆறு ஆண்டுகள் நான் நடத்திய உரையாடல்.'

"கழட்டு" என்றாள் அக்கா.

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாரும் பாக்கறாங்க."

"இது அம்மாவுக்கு நான் செய்யற மரியாதை. உனக்குச் சொன்னாப் புரியாது."

"ஒரு நாளாவது அவளப் புரட்டிப் படுக்க வச்சிருக்கியாடா நீ?"

அக்கா கைப்பையிலிருந்த கத்தரியை எடுத்தாள். கூடத்தின் மேலாளர் அம்மாள் ஓடி வந்தாள். "மேடம், படைப்புகளத் தொடக் கூடாது."

"இத வெட்டித் தைச்சவளே நான்தாம்மா. தள்ளுங்க."

ஒவ்வொரு கயிறாக நறுக்கினாள். நைட்டிகள் பலகை விழுவதுபோல் விழுந்தன. தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டான். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து ஒருவர் கை தட்டினார்.

"எதுக்குங்க கை தட்றீங்க? செத்துப்போன எங்கம்மா துணி இது."

அவர் கைகள் தொங்கிப்போயின.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் ஏழையும் எரித்தாள். பசை நாற்றம் தெருக்கோடி வரை போனது.

நாலாம் நாள் கடையிலிருந்தபோது தம்பியின் ஃபோன் வந்தது. குரலில் குதூகலம். "அறுந்த கயித்த அப்படியே விட்டுட்டேன்கா. 'அக்காவின் கோபம்'னு பேர் வச்சிருக்கேன். இப்பத்தான் கூட்டமே வருது."

"கடைசி நாள்ல அவ உன்னத்தான் கேட்டா. வந்துட்டே இருக்கான்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் கொண்டுபோய் மாட்டிக்கோ."

ஃபோனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற சட்டைக் காலரைத் தைக்க உட்கார்ந்தாள். அது முடிவதற்குள் மெஷின் ஊசி இரண்டு தடவை உடைந்தது.