பினாங்கு பார்க்கப் போனவள்

கணவனின் சட்டையைத் துவைக்கும்போது தண்ணீர் கறுப்பாக ஓடவில்லை என்பதைத் தனலெட்சுமி கவனித்துச் சில வாரங்களாகிவிட்டன. பக்கிரிசாமி ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் குடியிருந்த வாடகை அறைக்கு அவன் திரும்பினால், அவனுக்கு முன்னால் கரிவாடை உள்ளே வரும். இப்போதெல்லாம் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு போகிறவன் போன மேனிக்கே வருகிறான்.

கேட்டதற்கு, "ஆபீசர் வண்டிக்கு மாத்திட்டாங்க. அதுல அவ்வளவு கரி இல்ல" என்றான்.

கரி இல்லாமல் ஓடும் வண்டியைத் தனலெட்சுமி கண்டதில்லை. பிரிக்பீல்ட்ஸ் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். வீட்டுச் செலவுக்கு அவன் குறை வைக்காததால், வேலையைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மனம் வேறு பக்கம் போயிற்று. எவள் வீட்டில் பொழுதைக் கழிக்கிறானோ?

அந்த நேரத்தில்தான் ஒருநாள், "பினாங்கு பாத்துட்டு வரலாம், கிளம்பு" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு, அவன் தட்டிக்கழித்து வந்த ஊர் அது. இருக்கிற நல்ல சேலையையெல்லாம் எடுத்துவைக்கச் சொன்னான். கம்பளியை அவனே மடித்துப் பெட்டியில் வைத்தான். வெயில் கொளுத்தும் கடற்கரைக்குக் கம்பளி எதற்கு என்று அவள் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் அவன் சன்னலில் நின்று டிக்கெட் வாங்கினான்.

"என்னங்க, உங்களுக்குத்தான் ரயில்வே பாஸ் உண்டே?"

"எழுதிக் குடுக்கிறவர் லீவு."

ரயில் கடலோரத்துப் பிறை ஸ்டேஷனோடு நின்றுவிட்டது.

படகில் கடலைக் கடந்து இறங்கியதும், பக்கிரிசாமி அவளை நடக்கவைத்தே ஊரைக் காட்டினான். மணிக்கூண்டு, வெள்ளைக்காரன் கட்டிய பழைய கோட்டை, அலை வந்து மோதும் கடற்கரைத் திடல். தஞ்சோங் பூங்கா என்ற கடற்கரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், மணலில் உட்காரவைத்துப் பலாச்சுளை வாங்கிக் கொடுத்தான். தலைக்குப் பூ வாங்கினான். நாலு வருஷத்தில் இத்தனை பரிவை அவள் கண்டதில்லை. சுளை இனித்தது; ஆனால் அவள் கண் அவன்மேலேயே இருந்தது. அவன் அடிக்கடி வேறெங்கோ பார்ப்பதும், அவள் திரும்பினால் சிரிப்பதுமாக இருந்தான்.

மறுநாள் காலை, மாரியம்மன் கோயில் வாசலில் அவளை விட்டுவிட்டு, "ஒரு ஆளப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போனான். அவள் பின்னாலேயே போனாள். எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான், எவள் வந்து திறக்கிறாள் என்று பார்த்துவிடுவதென்று போனாள்.

அவன் எந்த வீட்டுக்கும் போகவில்லை. துறைமுகத்துக்குப் போனான். அங்கே ஒரு நீளக் கொட்டகையில், மூட்டை முடிச்சுகளோடு தமிழ்ச் சனம் தரையெல்லாம் உட்கார்ந்திருந்தது. ரப்பர் விலை விழுந்து வேலை போனவர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயம். பக்கிரிசாமி, கப்பலுக்குப் பேர் பதியும் கிராணியிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தான்.

தூணோரம் நின்ற தனலெட்சுமியின் கையை நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி பிடித்தாள்.

"நீ பக்கிரிசாமி சம்சாரம்தானே? நான் இராஜம்மா, அவருக்கு ஊர்க்காரி. நேத்து கோட்டைகிட்ட நின்னேன், தூரத்துலேர்ந்தே உன்னச் சாடையா காட்டினாரு. கப்பல்ல என் பக்கத்துலயே படுத்துக்க, தாயி. நாகப்பட்டினத்துல உன் கொழுந்தன் கையில ஒப்படைக்கிறது என் பொறுப்பு."

தன்னைக் கப்பலேற்றத்தான் கூட்டிவந்திருக்கிறான் என்று தனலெட்சுமிக்கு விளங்கிப்போயிற்று. இராஜம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, நேரே போய் அவன் முன்னால் நின்றாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

வெளியே கடலோரச் சுவரருகில் எல்லாவற்றையும் சொன்னான். ஆட்குறைப்பில் முதலில் போனவர்களில் அவனும் ஒருவன். தினமும் தூக்கோடு போய் பங்சார் ரப்பர் தோட்டத்துப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கையிருப்பு தீரப்போகிறது.

"நீயாச்சும் அங்க சோறு தின்னணும்னுதான். சொன்னா நீ போகமாட்டே."

"போகமாட்டேன்னு தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வேற ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன். அப்படின்னா சண்டை போட்டு முடிச்சிருப்பேன். இது என்ன? பூ வச்சுவிட்டு, பலாப்பழம் வாங்கிக் குடுத்து, கப்பல் ஏத்துறது? நாகப்பட்டினம் உங்க ஊரு. எனக்கு அங்க யாரத் தெரியும்? நான் பிரிக்பீல்ட்ஸ்ல பொறந்தவ."

"பட்டினி கிடப்பியா?"

"கிடக்கணும்னா ரெண்டு பேரும் கிடப்போம். என் பேர வெட்டச் சொல்லிட்டு வாங்க."

அவன் போய்ச் சொல்லிவிட்டு வந்தானா, சும்மா உள்ளே போய் நின்றுவிட்டு வந்தானா என்று அவளுக்குச் சந்தேகம். தானே போய் கிராணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் படகுத்துறைக்கு நடந்தாள்.

ஊர் திரும்பியதும் பிரிக்பீல்ட்ஸ் அறையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சாலாக் செலாத்தானில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் இருவரும் தண்ணீர் சுமந்தார்கள். வயிறு நிறைந்த நாளும் உண்டு, கஞ்சி நாளும் உண்டு. அவன் ஒருநாள் காரணமில்லாமல் அன்பாகப் பேசினால், "என்ன விஷயம், முதல்ல அதச் சொல்லுங்க" என்பாள்.

காலம் கொஞ்சம் தெளிந்ததும், ரயில்வேயில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று வந்து சொன்னான். அவள் சரி என்றாள். அவன் வேலைக்குப் போன முதல் நாள் காலை, தண்ணீர் சுமந்த ஈரச் சேலையோடு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்த் தண்டவாள வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகையைக் கக்கிக்கொண்டு கிள்ளான் போகும் ரயில் வந்தது. இஞ்சினில் மண்வெட்டியோடு பக்கிரிசாமி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வீட்டுக்குத் திரும்பினாள்.